நாற்பத்தோராம் துண்டு

காலை ஐந்தரை, மேலப்பாளையம்.
மசூது பாய் கடையில் எனக்கென்று ஒரு தூக்குச்சட்டி உண்டு,
மூடியில் நெயில் பாலிஷால் ‘லேப்’ என்று எழுதியது.
குடலை உப்புப் போட்டு அலசக் கூடாது,
நீட்டி இழுக்கக் கூடாது,
ஐஸ்கட்டி நேராகப் படக் கூடாது.
இத்தனை நிபந்தனையோடு குடல் வாங்குகிறவள்
இந்த வட்டாரத்தில் நான் ஒருத்திதான்.
“குழம்புக்கு இல்லன்னா பின்ன எதுக்கும்மா?”
போன ஆடியில்தான் கேட்டார்.
ஒரு வருஷமாக மரியாதைக்குக் கேட்காமல் இருந்திருக்கிறார்.

சொன்னேன்:
அறுத்த குடலை ஊசி நூல் இல்லாமல் ஒட்டப் பார்க்கிறேன்.
வெளிச்சத்தால்.

கத்தியைக் கட்டையில் வைத்துவிட்டு
முழுக்கைச் சட்டையைச் சுருட்டிக் காட்டினார்.
ஒரு பூரான் படுத்திருந்தது,
பக்கத்துக்குப் பதினோரு கால்.
“வெட்டுனது ஒரு தடவை.
குத்துனது எத்தனைன்னு எண்ணிப் பாரும்மா.”
இருபத்திரண்டு.
ஆய்வேட்டின் முன்னுரையில் மூன்று பக்கம் எழுதியும்
எனக்கு வராத வாக்கியம் அது.

குலவணிகர்புரம் கேட் மூடியிருந்தால்
ஐஸ் உருகும்.
இன்னொரு ரயிலும் வருமென்று தெரிந்தும்
எல்லோரும் வண்டியை அணைக்காமல் நிற்போம்.

ஹைகிரவுண்டில் பழைய கட்டடத்தின் பின்கட்டு.
ஜன்னலுக்குக் கறுப்புத் துணி.
முட்டையின் வெள்ளைக்கருவில் இருக்கும் அதே சரக்கைக் கெட்டியாகக் குழைத்து
ஒரு சொட்டுப் பச்சைச் சாயம் விடுவேன்.
இரண்டு விளிம்பையும் நேருக்கு நேர் சேர்த்துப் பூசுவேன்.
பிறகு ஒளி.
ஒளி என்கிறேனே தவிர, கண்ணுக்குத் தெரியாது.
சாயம் அதைக் குடிக்கும்; குடித்துச் சூடாகும்.
அறுபது பாகையில் சதையின் முறுக்குகள் அவிழும்.
அவிழ்ந்தவை குளிரும்போது
எதிர் விளிம்பில் அவிழ்ந்தவற்றோடு பின்னிக்கொள்ளும்.
எண்பதில் கருகல் வாடை.
இடையிலுள்ள பாகைகளில்
போய்விட்டது நாலு வருஷம்.

கரண்ட் போனால் அன்றைக்கு அவ்வளவுதான்.
“ஜெனரேட்டரு ஆபரேஷன் தியேட்டருக்கும்மா.
செத்த ஆட்டுக்கு யாரு குடுக்கா?”
என்பார் அட்டெண்டர் பலவேசம்.

அப்புறம் நீர் ஏற்றுவது.
இரு முனையையும் கட்டி
(நூலால்தான் கட்டுகிறேன், சிரிக்காதீர்கள்)
உப்புநீரை மெல்ல விட்டு
எந்த அழுத்தத்தில் கசிகிறது என்று குறிப்பேன்.
நாற்பது துண்டிலும் ஒட்டிலிருந்தே கசிந்தது.
சிலது முப்பதில், சிலது ஐம்பதில்,
ஒன்று குழாயைத் திறக்கும் முன்பே.
வாராவாரம் பாய் கேட்பார்: “நின்னுச்சா?”
“கசிஞ்சிட்டு.”
“ஆடு சரியில்லையோ என்னமோ” என்பார்,
தன் தப்புப்போல.

நேற்று நாற்பத்தோராவது.
எழுபது தாண்டியது. தொண்ணூறு. நூறு.
பலவேசம் தேநீர் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோய்
அங்கேயே வைத்திருந்தார்.
நூற்றுப் பதினெட்டில் பீய்ச்சியது
என் மூக்குக்கண்ணாடியில்.
துடைத்துவிட்டுப் பார்த்தேன்.
ஒட்டு அப்படியே இருக்கிறது.
கிழிந்திருப்பது அதற்கு இரண்டு விரற்கடை தள்ளி,
நான் தொடாத இடம்,
ஆடு பிறந்த நாளிலிருந்து முழுசாக இருந்த இடம்.

வெற்றி என்று நோட்டில் எழுதினேன்.
ராத்திரி மறுபடி திறந்து
அதன் பக்கத்தில் சின்ன எழுத்தில்:
இது செத்த குடல்.
இதற்குப் பசி இல்லை, நெளிவு இல்லை,
மூன்றாம் நாள் காய்ச்சல் இல்லை.
ஆறுமா என்பதை
நான் இன்னும் கேட்கவே இல்லை.

இன்று காலை பாயிடம் எல்லாம் சொன்னேன்.
தூக்குச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தார்.
“ஒட்டுனது நின்னு, பக்கத்துல கிழிஞ்சுதுன்னா…
அப்ப அந்தப் பக்கத்த என்ன செய்வீங்க?”

நான் வாயெடுப்பதற்குள்
யாரோ அரைக் கிலோ ஈரல் என்றார்கள்.
பாய் திரும்பிவிட்டார்.
சுருட்டிய கையோடு
பூரான் தராசுக்கு மேலே போய்
கீழே வந்தது.